திட்ட மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை

கடலூர் முதல் சிதம்பரம் வரையிலுள்ள நெசவாளர் சங்கங்களுக்கும் உழவர் அமைப்புகளுக்கும் ஆய்வுக்காகச் செல்லும்பொழுது, நிர்வாகக் குழுவினர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, திட்டம் அனுமதியாகி வந்துவிட்டது, அதை நடத்த ஓர் ஆள் வேண்டும். இருபது முப்பது மனுக்கள் வந்திருக்கின்றன. இவற்றுள் யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது?" என்பதே அக்கேள்வி. நின்ற நிலையில் விடை சொல்லிவிடக் கூடிய கேள்வியன்று இது. ஆகவே இத்திங்கள் பாடத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். சங்கத்தின் காரியதரிசி வேறு. திட்ட மேலாளர் வேறு. காரியதரிசியின் வேலைக்கு முடிவு என்பது இல்லை. நூல் வரும், துணி போகும், கூலி பட்டுவாடா ஆகும், கணக்கு முடியும், மறுநாள் மீண்டும் தொடங்கும். திட்டமோ ஒரு நாளில் தொடங்கி ஒரு நாளில் முடிய வேண்டியது. அதற்கென்று அளந்து கொடுத்த பணம் உண்டு. குறித்த காலம் உண்டு. முடிவில் கண்ணுக்குத் தெரியும் பொருள் ஒன்று நிற்க வேண்டும். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கைலி நெசவாளர்களுக்கு ஒரு பொதுச் சாயப்பட்டறை, பண்ணுருட்டி முந்திரி விவசாயிகளுக்கு ஓர் உடைப்புக் கூடம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் விவசாயிகளுக்கு ஒரு விதைச் சுத்திகரிப்பு நிலையம் என்பன போன்றவை திட்டங்கள். நல்ல காரியதரிசியாக இருபது ஆண்டு இருந்தவர் நல்ல திட்ட மேலாளராக இருப்பார் என்று கொள்வதற்கில்லை, மறுதலையாகவும் அப்படியே.

சங்கங்களின் நிரந்தரப் பணியிடங்கள் பலவற்றுக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையத்தின் வாயிலாக எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடைபெறுகின்றன. அவற்றைப் பற்றி இங்கே நாம் பேசவில்லை. குறித்த காலத்திற்கு ஒப்பந்தத்தின்பேரில் அமர்த்தும் திட்டப் பணியாளரைப் பற்றியே பேசுகிறோம். கைத்தறித் தொகுப்பு மேம்பாட்டுத் திட்டங்களில் தொகுப்பு மேம்பாட்டு அலுவலர் என்றும், உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளில் தலைமைச் செயல் அலுவலர் என்றும் வழங்கப்படுவோர் இவ்வகையினர். இவர்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் நெசவாளரும் விவசாயியும் உட்கார வேண்டியிருக்கிறது.

இதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது என்று பார்ப்போம். நாடெங்கும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளைத் தோற்றுவிப்பதற்காக மத்திய அரசு 2020-இல் தொடங்கிய திட்டத்தில், நிர்வாகச் செலவுக்கு உதவியாக ஓர் அமைப்புக்கு மூன்று ஆண்டுகளில் 18 இலட்சம் ரூபாய் வரை கொடுக்க வகை செய்யப்பட்டது. தலைமைச் செயல் அலுவலரின் சம்பளத்திற்கு மாதம் 25,000 ரூபாய் வரையும், கணக்கருக்கு 10,000 ரூபாய் வரையும் அதிலிருந்தே கிடைக்கும். நான்காம் ஆண்டு முதல் சம்பளத்தை அமைப்பு தன் சொந்த வருவாயிலிருந்து கொடுத்தாக வேண்டும். அதாவது, நாம் இன்று தேர்ந்தெடுக்கும் ஆள் தமக்குரிய சம்பளத்தைத் தாமே ஈட்டித் தரும் நிலைக்கு அமைப்பை மூன்றாண்டுக்குள் கொண்டுவர வேண்டும். தவறான ஆளை எடுத்து, ஓராண்டு கழிந்தபின் அவரை அனுப்பி, வேறொருவரைத் தேடுவதற்குள் இரண்டாண்டு ஓடிவிடும். பங்குத்தொகை செலுத்திய முந்நூறு குடும்பங்களுக்கு ஓடிப்போன காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

இனி, நாமே சேர்ந்து செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கம் சிறு கட்டடமும் சில இயந்திரங்களும் அடங்கிய திட்டம் ஒன்றிற்கு மேலாளரைத் தேடியது. தேர்வுக் குழுவினர் ஐவர். அவர்களுள் நாமும் ஒருவர். வந்தவர்கள் இருபத்துமூவர். காலை பதினொரு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போயிற்று. ஆளுக்குப் பதின்மூன்று நிமிடம் கிடைத்தது. கேள்விகள் முன்கூட்டி எழுதப்படவில்லை. ஒருவரிடம் ஊரைப் பற்றியும், மற்றொருவரிடம் கல்லூரியைப் பற்றியும், வேறொருவரிடம் அன்றைய செய்தித்தாளைப் பற்றியும் கேட்டோம்.

பிற்பகலில் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் வந்தார். வணிகவியல் பட்டதாரி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், குரல் எழவில்லை. திட்டத்தின் காலவரிசைத் தாளை அவரிடம் கொடுத்து, "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், அம்மா?" என்று தலைவர் கேட்டார். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஐப்பசியில் கடைக்கால் தோண்டுவதாகப் போட்டிருக்கிறதே, ஐயா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்குப் பின் வந்த இளைஞர் சரளமாகப் பேசினார். வேறு மாவட்டத்தில் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டு வேலை பார்த்தவர். படம் வரைந்தே காட்டினார். ஐவரும் ஒருமனதாக அவரைத் தேர்ந்தெடுத்தோம். கார்த்திகையில் அந்தக் கடைக்கால் குழியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்யும் என்பதும், சிதம்பரம் பக்கத்துத் தாழ்ந்த நிலத்தில் அப்பொழுது மண்வேலை நடவாது என்பதும் அங்குள்ள பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். மேலாளர் எட்டாம் மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். பின்னர் ஒரு விசாரணைக்காக அந்தத் தேர்வுக் கோப்பைப் பிரித்துப் பார்த்தபொழுது, அப்பெண்ணின் பெயருக்கு எதிரே நம் கையெழுத்தில் இருந்தது "தயக்கம்" என்ற ஒரே சொல்தான். ஐப்பசியைப் பற்றி அவர் சொன்னதை ஐவரில் ஒருவரும் குறித்து வைக்கவில்லை.

அந்த இளைஞரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவரிடம் நாம் கேட்டிருந்தால் அவரும் ஒருவேளை விடை சொல்லியிருப்பார். கேட்கவில்லையே! ஒருவருக்கு ஒரு கேள்வி, மற்றவருக்கு வேறு கேள்வி என்று கேட்டால் இருவரையும் ஒப்பிடுவதற்கு அடிப்படை இல்லாமற் போகிறது. அடிப்படை இல்லாதபொழுது மனம் கண்ணுக்கும் காதுக்கும் இனியதைப் பற்றிக்கொள்கிறது. உடையும் உரத்த குரலும் ஆங்கிலச் சொற்களும் திறமையாகத் தோன்றிவிடுகின்றன.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. 1955-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு இராணுவத்தில், புதிதாகச் சேர்வோரை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று நேர்முகத் தேர்வு நடத்தித் தீர்மானித்தார்கள். தேர்வாளர்கள் பல செய்திகளைப் பேசி, முடிவில் ஒரு மொத்த அபிப்பிராயம் எழுதுவார்கள். அந்த அபிப்பிராயம் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒன்றுக்கும் பயன்படவில்லை என்று தெரிந்தது. அதைச் சீர்திருத்தும் பொறுப்பு டேனியல் கானமன் என்ற இருபத்தொரு வயது இளைஞரிடம் வந்தது. (பொருளாதாரத்திற்கான நோபெல் பரிசை 2002-இல் பெற்றவர் இவரே.) அவர் செய்தது மிக எளியது. வேலைக்கு வேண்டிய குணங்கள் ஆறினை வகுத்தார். ஒவ்வொரு குணத்தையும் பற்றி, அந்த இளைஞன் இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் உண்மையில் என்ன செய்தான் என்பதைத் துருவும் கேள்விகளை எழுதிக் கொடுத்தார். முதற் குணத்துக்கு ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் இட்ட பிறகே இரண்டாம் குணத்துக்குப் போகவேண்டும் என்று விதித்தார். தேர்வாளர்கள் சினந்தார்கள், தங்களை வெறும் இயந்திரங்களாக ஆக்குவதாகச் சொன்னார்கள். அவர் ஒரு சலுகை கொடுத்தார். ஆறு மதிப்பெண்களையும் இட்டு முடித்தபின், கண்ணை மூடிக்கொண்டு, அந்த இளைஞனைப் படைவீரனாக மனத்தில் நினைத்துப் பார்த்து, ஏழாவதாக ஒரு மதிப்பெண் தம் விருப்பம்போல் இடலாம் என்றார்.

விளைவு வியப்பானது. ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட மிக நன்றாகப் பலன் தந்தது. கண்ணை மூடி இட்ட மதிப்பெண்ணும் அதே அளவுக்குப் பலன் தந்தது! தேர்வாளரின் உள்ளுணர்வு வீணானதன்று என்பது இதனால் விளங்குகிறது. ஆனால் அது ஆறு கேள்விகளுக்குப் பின் வரவேண்டும். மனுதாரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழையும்பொழுதே வந்துவிடக் கூடாது.

பிற்கால ஆராய்ச்சிகளும் இதையே காட்டுகின்றன. அமெரிக்காவில் ஷ்மிட், ஹண்டர் என்ற இரு உளவியலார் எண்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளை ஒன்று திரட்டி 1998-இல் வெளியிட்டனர். பால் சாக்கெட்டும் அவருடைய கூட்டாளிகளும் அந்தக் கணக்கை மறுபடியும் ஆராய்ந்து 2022-இல் திருத்தி வெளியிட்டனர். பின்னவர்கள் எண்களைப் பெரிதும் குறைத்தார்கள். எனினும், வகுத்த கேள்விகளை எல்லாரிடமும் ஒரே விதமாகக் கேட்டு விடைக்கு விடை மதிப்பெண் இடும் நேர்முகத் தேர்வு அவர்கள் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. மனம் போனபடி பேசும் பேட்டி அதற்கு வெகு கீழே நின்றது.

அப்படியாயின் நம் சங்கத்தில் என்ன செய்யலாம்? விளம்பரம் கொடுக்கும் முன்பே நிர்வாகக் குழு ஒரு மாலைப் பொழுது கூடி, "இத்திட்டம் கெட்டுப்போவதாயின் எதனால் கெடும்?" என்ற கேள்வியை எழுப்பி விடை எழுதவேண்டும். மேலாளருக்கு வேண்டிய குணங்கள் அந்த விடையிலிருந்தே பிறக்கும். பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்த்து "தலைமைப் பண்பு, ஆளுமை" என்று எழுதிவைப்பதால் பயனில்லை. நம் பக்கத்தில் திட்டங்கள் கெடும் வழிகளை நாம் அறிவோம். முதல் தவணைப் பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் நேரத்தில் போகாமல் இரண்டாம் தவணை நின்றுவிடும். மின் இணைப்புக்கு மனுக் கொடுப்பதற்கு முன்பே இயந்திரம் வந்து இறங்கித் துருப்பிடிக்கும். சாயப்பட்டறை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கு ஓர் இசைவும் இயக்குவதற்கு ஓர் இசைவும் பெறவேண்டும். கட்டிய பிறகு அதை நினைவுகூர்வோர் உண்டு. எல்லாம் முடிந்தபின்னும், தறிக்காரர்கள் பழைய சாயக்காரரிடமே நூலைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஏனெனில் அவர்களைக் கேட்டுக் கட்டியதன்று அப்பட்டறை.

ஆகவே பணத்தைக் காலத்தோடு பொருத்திப் பார்க்கும் திறன், மழையையும் அறுவடையையும் பண்டிகையையும் அறிந்து வேலையை வரிசைப்படுத்தும் திறன், அலுவலகங்களில் அனுமதி பெறும் பொறுமை, அங்கத்தினரிடம் சென்று கேட்கும் பழக்கம், நடந்ததை அன்றன்று எழுதிவைக்கும் ஒழுங்கு ஆகியவை வேண்டும் என்று தெரிகிறது. தொழிலறிவையும் சேர்த்துக்கொண்டால் ஆறு. ஆனால் தொழிலறிவை மட்டும் மிகுதியாக எதிர்பார்க்க வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். பாவு ஓடுவதையும் ஊடை நூல் சுற்றுவதையும் ஒரு புத்திசாலி மூன்று மாதத்தில் புரிந்துகொள்வார். கணக்கில் நாணயத்தை மூன்று மாதத்தில் கற்பிக்க முடியாது.

நேர்முகத் தேர்வுக்கு முன் அரை மணி நேரத்துக்கு ஒரு செய்முறைத் தாள் கொடுப்பது மிக்க பயன் தரும். தாளில் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருக்கட்டும். உதாரணத்துக்கு நாமே கற்பித்த கணக்கு ஒன்று:

ஒரு திட்டத்தின் மொத்தத் தொகை 40 இலட்சம் ரூபாய். முதல் தவணை 40 சதவீதம். அதைச் செலவிட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை வரும். கட்டடத்திற்கு 14 இலட்சம். இயந்திரத்தின் விலை 12 இலட்சம்; அதில் 30 சதவீதத்தை முன்பணமாகக் கொடுக்கவேண்டும். கட்டட வேலை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும் என்றும், இயந்திரத்துக்கு நவம்பரில் முன்பணம் கட்டுவது என்றும் காலவரிசை சொல்லுகிறது. இத்திட்டத்தில் உள்ள இடையூறுகளைக் காண்க.

கூட்டிப் பார்ப்போம். முதல் தவணை 16 இலட்சம். கட்டடம் 14 இலட்சமும் முன்பணம் 3 இலட்சத்து 60 ஆயிரமும் சேர்ந்து 17 இலட்சத்து 60 ஆயிரம். இரண்டாம் தவணை வருமுன் 1 இலட்சத்து 60 ஆயிரம் துண்டு விழுகிறது. இதைக் கண்டுபிடிப்பவர் ஒருவகை. கண்டுபிடித்து, "கட்டடம் பாதி முடிந்ததும் இடைச் சான்றிதழ் கொடுக்க விதி இடந்தருகிறதா என்று கேட்பேன், இல்லையேல் முன்பணத்தைத் தள்ளிப்போடுவேன்" என்பவர் அதனினும் மேல். "அக்டோபரில் ஏன் தொடங்குகிறீர்கள்? தையில் தொடங்கினால் முன்பணத்தையும் தள்ளலாம், தண்ணீரும் வற்றியிருக்கும்" என்று இரண்டு முடிச்சையும் ஒரே இழுப்பில் அவிழ்ப்பவர் வந்தால், அவரை விட்டுவிட வேண்டாம். இத்தகைய தாளைத் திருத்தப் பட்டம் வேண்டியதில்லை. பட்டுவாடாப் புத்தகத்தைப் பார்த்துப் பழகிய எந்த அங்கத்தினரும் திருத்தலாம்.

இனி நேர்முகம். எதிரில் உட்காரும் மனுதாரரை முதல் இரண்டு நிமிடம் அமைதியடைய விடுங்கள், தண்ணீர் கொடுங்கள். அந்த நேரத்துக்கு மதிப்பெண் இல்லை. பிறகு, எழுதிவைத்த கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். "நீங்கள் இதைச் செய்வீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் "செய்வேன்" என்பார்கள். "நீங்கள் செய்தது என்ன?" என்று கேளுங்கள். அதோடு நில்லாமல் தொடர்ந்து கேட்கவும் வேண்டும். நம் மொழியில் ஒரு வழக்கம் உண்டு: தாம் செய்ததையும் பணிவின் காரணமாக "நாங்கள் செய்தோம்" என்போம், பிறர் செய்ததில் பங்கு தேட விரும்புபவரும் அதே "நாங்கள்" என்னும் சொல்லைத்தான் கையாள்வார். (இக்கட்டுரையிலும் ஒருவரே "நாம்" என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம்!) இரண்டையும் பிரித்தறிவது கேட்பவர் கடமை. அண்மையில் ஒரு தேர்வில் நாம் கேட்டு எழுதிவைத்த உரையாடல் இது:

"நீங்கள் இதற்கு முன் பார்த்த வேலையில், குறித்த நாளில் முடியாமற்போன ஒன்றைச் சொல்லுங்கள், தம்பி."

"நடவு இயந்திரம் வாடகைக்கு விடும் திட்டம், ஐயா. நாங்கள் ஆவணியில் தொடங்குவதாக இருந்தோம். ஒரு மாதம் தாமதமாகிவிட்டது."

"ஏன் தாமதம்?"

"இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் அதற்கேற்ற தட்டு நாற்றங்கால் யாரும் போடவில்லை."

"அதை நீங்கள் எப்பொழுது அறிந்தீர்கள்?"

"இயந்திரம் வந்த பிறகுதான், ஐயா. அதற்கு முன்பே நான் ஊருக்குப் போய்ப் பார்த்திருக்கவேண்டும். போகவில்லை."

"பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"எட்டுப் பேரிடம் மட்டும் பேசி, சங்கத்துச் செலவில் நாற்றங்கால் போடவைத்தேன். அந்த ஆண்டு அந்த எட்டுப் பேருக்குத்தான் ஓட்டினோம். மறு ஆண்டுக்கு மற்றவர்கள் தாமாகவே கேட்டார்கள்."

இவருக்கு "அங்கத்தினரிடம் சென்று கேட்கும் பழக்கம்" என்ற தலைப்பில் ஐந்துக்கு எத்தனை கொடுப்பது? குழுவில் ஒருவர் இரண்டு கொடுத்தார். முதலில் போகவில்லையே என்றார். மற்றொருவர் நான்கு கொடுத்தார். போகாதது தம் பிழை என்று தாமே சொன்னாரே என்றார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவரவர் தாளில் அவரவர் மதிப்பெண்ணை முதலில் எழுதிவிட்ட பிறகு இப்படி விவாதித்தது நல்லதாயிற்று. தலைவர் முந்திக்கொண்டு "பையன் நல்ல பையன்" என்று சொல்லியிருந்தால் ஐந்து தாளிலும் நான்குதான் விழுந்திருக்கும். மேசையில் மூத்தவர் கடைசியாகப் பேசுவது என்று ஏற்படுத்திக்கொள்வது நலம்.

இடர் வந்த காலத்தைப் பற்றி எல்லாரிடமும் ஒரு கேள்வி இருக்கட்டும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நாம் மறக்க இயலாது. 2015 நவம்பர் வெள்ளமும் அத்தகையதே. "உங்கள் திட்டத்தின் நடுவில் அப்படி ஒன்று நேர்ந்தால் முதல் பத்து நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், சிலர் நிவாரணம், ஆறுதல் என்று பொதுவாகப் பேசுவார்கள். "கணக்குப் புத்தகங்களையும் காப்பீட்டுத் தாள்களையும் முதலில் மேட்டுக்கு ஏற்றுவேன், சேதத்தை நாள் போட்டுப் படம் எடுப்பேன், காலக்கெடுவை நீட்டிக்க அந்த வாரமே எழுதுவேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த விடையில் அனுபவத்தின் மணம் வீசுகிறது.

கேட்கக் கூடாத கேள்விகளும் உண்டு. சாதி, தெரு, தகப்பனார் யாருக்கு வேண்டியவர் என்பவை எவ்விதத்திலும் வேண்டா. பெண் மனுதாரரிடம் "கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவீர்களா?" என்று கேட்கும் வழக்கம் இன்னும் சில மேசைகளில் இருக்கிறது. அது அநியாயம் என்பது ஒருபுறம் இருக்க, அதனால் தெரிந்துகொள்வதும் ஒன்றுமில்லை. நாம் சொன்ன அந்த இளைஞர் எட்டாம் மாதத்தில் போனது கல்யாணத்தினாலா? வேலைக்கு உண்மையில் வேண்டியது யாதோ அதை எல்லாரிடமும் கேளுங்கள்: "கூட்டங்கள் இரவு ஏழு மணிக்கு மேல்தான் கூடும், வாரம் இரண்டு நாள் அப்படி வரவேண்டும், எப்படி வந்து போவீர்கள்?" ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒரே கேள்விதான்.

சிபாரிசைப் பற்றிப் பேசாமல் இப்பாடத்தை முடிக்க முடியாது. தேர்வு நாளுக்கு முந்தின இரவில் வரும் தொலைபேசி அழைப்புகளை நிர்வாகக் குழுவினர் யாவரும் அறிவர். ஸ்ரீநகரிலிருந்த மண்டலப் பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர் சேர்க்கை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே நினைவுகூரலாம். எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத்துக்கு 50 மதிப்பெண் என்று அங்கே வைத்திருந்தார்கள். நேர்முகம் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடமே நடந்தது என்றும், பெற்றோரையும் ஊரையும் பற்றியே கேட்டார்கள் என்றும் மனுதாரர்கள் முறையிட்டனர். அஜய் ஹாசியா வழக்கு என்று வழங்கும் அதன் தீர்ப்பு 1981-இன் சட்ட ஏடுகளில் வெளியாயிற்று. மொத்த மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது நியாயமற்றது என்று நீதிமன்றம் கூறியது. அது கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியது. அனுபவம் முதிர்ந்தோரை அமர்த்தும் வேலைகளுக்கு அதே அளவுகோல் அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. எனினும் பேச்சில் இடும் மதிப்பெண்ணே கைக்கு எளிதில் வளையும் மதிப்பெண் என்பதை அத்தீர்ப்பு நன்றாகக் கண்டுகொண்டது. செய்முறைத் தாளுக்கு நாம் மிகுந்த இடம் கொடுப்பதும் இதனாலேயே.

உறவினரைப் பற்றிய விதி நம் நாட்டில் மிகப் பழையது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறித்த கல்வெட்டுகளைப் பலரும் தேர்தலுக்கே உதாரணமாகக் காட்டுவர். அவற்றைத் திட்ட நிர்வாகத்துக்கும் காட்டலாம். ஏனெனில் அங்கே தேர்ந்தெடுத்தது ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆட்களை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று உறவுமுறையை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லுகிறது அக்கல்வெட்டு. தகுதி இன்னதென்று முதலில் வகுத்துவிட்டு, தகுதியுள்ளோருள் ஒருவரைத் தெரிவு செய்வதை மனிதர் கையில் விடாமல் குடத்துக்குள் கையிடும் சிறுவனிடம் விட்டார்கள். நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் ஊர் அது. உழுதவருக்கும் நெய்தவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அந்தக் குறையை விலக்கி, கணக்கையும் உறவையும் பற்றிய கண்டிப்பை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். மனுதாரர் தமக்கு உறவு என்றால் குழு உறுப்பினர் அதைத் தொடக்கத்திலேயே சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, அன்று முழுவதும் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும். அந்த ஒருவருக்கு மட்டும் வெளியே போய்விட்டு மற்றவர்களுக்கு மதிப்பெண் இடுவது போதாது; மற்றவர்களைக் குறைத்தாலும் உறவினர் ஏறிவிடுவார் அல்லவா?

முதலிடம் பெற்றவருக்கு உடனே கடிதம் கொடுத்துவிடாதீர்கள். அவர் முன்பு வேலை பார்த்த இடத்துக்கு இரண்டு பேர் நேரில் சென்று வாருங்கள். மேலதிகாரியிடம் மட்டும் பேசாமல், அங்கே தறியிலோ களத்திலோ இருப்பவர்களிடம் "அவர் இங்கே வருவாரா? சொன்ன நாளில் பணம் வந்ததா?" என்று விசாரியுங்கள். பேருந்துச் சத்தம் இருநூறு ரூபாய் ஆகும், அவ்வளவுதான். மனுதாரருக்கும் நம்மைக் கேள்வி கேட்கப் பத்து நிமிடம் கொடுக்கவேண்டும். சம்பளம் எத்தனை மாதத்துக்கு உறுதி, எவர் கையெழுத்தில் பணம் எடுக்கப்படும், முந்தின மேலாளர் ஏன் போனார் என்று கேட்பவரைத் துடுக்கானவர் என்று நினைக்க வேண்டாம். பொய் சொல்லி ஆளை அழைத்து வந்தால் பாதியில் இழப்போம்.

ஒரு நாளில் எட்டுப் பேருக்கு மேல் அழைக்காதீர்கள். இருபத்துமூன்று பேர் வந்தால் செய்முறைத் தாளைக் கொண்டு எட்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐவரின் மதிப்பெண் தாள்களும், யார் என்ன விடை சொன்னார் என்ற குறிப்போடு கையொப்பமிட்டு, கோப்பில் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும்பொழுது நாம் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான். தேர்வு பெறாதவர்களுக்கும் ஒரு வாரத்துக்குள் கடிதம் எழுதுங்கள். தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு வழிச்செலவு கொடுங்கள்.

அந்த நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கு அன்று நாம் அனுப்பிய கடிதம் இரண்டு வரி. சென்ற ஆண்டு வேறொரு சங்கத்தில் ஒரு கொட்டகைத் திட்டத்தின் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது, மேலாளர் என்ற இடத்தில் அவர் கையெழுத்தைக் கண்டோம். வேலை தை மாதம் தொடங்கி ஆனியில் முடிந்திருந்தது. செலவுச் சீட்டுகள் நாள் வரிசையில் தைத்து வைக்கப்பட்டிருந்தன. நம்மை அவருக்கு நினைவிருந்ததோ இல்லையோ, அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாம் கேட்ட பற்றுச்சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "தேநீர் வரவழைக்கட்டுமா, ஐயா?" என்று மட்டும் கேட்டார்.